பூட் ஆர்டர் சேவ் ஆகலைன்னு கடைக்குப் போனேன், லேப்டாப்பின் சீரியல் நம்பரையே அழித்துக் கொடுத்தார்கள்

கடை பேர் போடப் போவதில்லை, யாரும் கேட்க வேண்டாம். "சிப் லெவல் சர்வீஸ்" என்று போர்டு மாட்டின கடை தெருவுக்கு ஒன்று இருக்கிறது, எனக்கு நடந்தது அதில் எதிலும் நடக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு வரைக்கும் போகச் சோம்பல்பட்டு தாம்பரத்திலேயே ஒரு மாடிக்கடையில் கொடுத்தேன், அவ்வளவுதான் விஷயம்.

என் லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும். ஆன் செய்ததும் எது முதலில் திறக்க வேண்டும் என்ற வரிசைதான் பூட் ஆர்டர், எனக்கு லினக்ஸ் முதலில். ரெண்டு வருஷமாக அந்த வரிசையில் ஒரு பிரச்சினையும் இல்லை. திடீரென்று ஒருநாள் நேராக விண்டோஸ் திறந்தது. லேப்டாப்பின் அடிப்படை செட்டிங் இருக்கிற பயாஸுக்குள் போய் லினக்ஸை மேலே ஏற்றி, எஃப்10 அழுத்தி சேவ் செய்து வெளியே வந்தால் மறுபடியும் விண்டோஸ்தான். திரும்ப உள்ளே போய்ப் பார்த்தால் வரிசை பழையபடியே இருக்கிறது. ஏதாவது பிழைச்செய்தியாவது வருகிறதா என்றால் அதுவும் கிடையாது, சேவ் ஆனது போலவே காட்டிவிட்டு ஏமாற்றும். ஆனால் ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தி அந்த ஒரு தடவைக்கு மட்டும் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஒழுங்காகத் திறந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

வாரன்ட்டி இன்னும் ஏழு மாதம் இருந்ததால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போன் செய்தேன். லினக்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதுமே "அதுக்கு நாங்க பொறுப்பு இல்லை சார்" என்றார்கள். அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை.

கடைத்தம்பி ஆன் செய்தார், பயாஸைப் பார்த்தார், ரெண்டே நிமிஷத்தில் "சீமாஸ் பேட்டரி போயிடுச்சு சார்" என்றார். போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கிற சின்ன செல்லைத்தான் அப்படிச் சொல்வார்கள். 650 ரூபாய். வெறும் செல் வெளியே ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் என்பது தெரியும், கழற்றி மாட்டுகிற கூலி என்று நினைத்துச் சரி என்றேன். பேட்டரி மாற்றியும் அதே கதை. உடனே "அப்போ பயாஸ் சிப் கரப்ட், ரீப்ரோகிராம் பண்ணணும், 3,800 ஆகும், இல்லேன்னா மதர்போர்டே போயிடும்" என்றார். போர்டு என்ற வார்த்தையைக் கேட்டால் நமக்கு வயிற்றைக் கலக்கும் இல்லையா, அதில்தான் விழுந்தேன். மொத்தம் 4,450.

மறுநாள் மாலை போன் வந்தது. "சார், வேலை முடிஞ்சுது. ஆனா ஹார்ட்டிஸ்க் லாக் ஆயிருக்கு. ஃபார்மட் போட்டாத்தான் திறக்கும், அதுக்கு 800. டேட்டாவுக்கு கேரன்ட்டி கிடையாது." நாலு வருஷத்துப் போட்டோ, வீட்டுக்கடன் பேப்பர் எல்லாம் அதில்தான். போன் வைக்கும்போது "சரி, போட்டுடுங்க" என்று சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மனைவிதான், "தொடவேண்டாம்னு சொல்லுங்க, நேர்ல போய்ப் பாருங்க" என்றாள்.

நேரில் போய்ப் பார்த்தால் நீலத்திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. ஹார்ட்டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை! டிஸ்க்குக்கு விண்டோஸ் போடுகிற பிட்லாக்கர் பூட்டின் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி வைத்திருக்கிறது, பயாஸ் சிப்பை அழித்து எழுதினால் அது "இது பழைய மெஷின் இல்லையே" என்று சாவியைக் கொடுக்க மறுக்கும், அப்போது இந்தத் திரை வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்துகிற மெஷினாக இருந்தால் அந்த கீ பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். எங்கள் லேப்டாப்பை முதலில் செட் செய்தது மனைவியின் மெயில் ஐடியில். அவளுடைய போனில் நுழைந்து பார்த்தோம், கீ இருந்தது, அடித்தேன், திறந்துவிட்டது. தம்பி ஒன்றும் பேசவில்லை. 800 ரூபாய்க்காக என் போட்டோ எல்லாவற்றையும் அழித்திருப்பார், அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பூட் ஆர்டர்? அது சேவ் ஆனது, பொய் சொல்லக்கூடாது. வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் விண்டோஸின் ஓரத்தில் ஆக்டிவேட் செய்யச் சொல்லும் எழுத்து. பயாஸைத் திறந்தால் சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் என் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கிற நம்பர் இல்லை, வேறு நம்பர். அதற்குக் கீழே அசெட் டேக் என்ற இடத்தில் யாரோ ஓர் ஆபீஸின் சொத்து எண். ஊர் பேர் தெரியாத ஓர் ஆபீஸ் மெஷினின் பயாஸை இணையத்தில் எங்கோ இருந்து இறக்கி, அப்படியே என் சிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

போர்டில் எட்டுக்கால் பூச்சி மாதிரி ஒரு சின்ன ஃபிளாஷ் சிப் இருக்கும், பெரும்பாலும் 8 அல்லது 16 எம்பி. பயாஸ் மட்டும் அதில் இல்லை. சீரியல் நம்பர், மெஷினுக்கே உரிய தனி எண், கம்பெனி போட்டுக்கொடுத்த விண்டோஸ் கீ, சில மாடல்களில் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. சிஎச்341ஏ என்று ஒரு மலிவான ப்ரோகிராமர் கருவி, ஒரு கிளிப், இது ரெண்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், எழுதலாம். ஒழுங்கான டெக்னீஷியன் முதலில் உள்ளே இருப்பதைப் படித்து ஒரு ஃபைலாக வைத்துக்கொண்டு, அதிலுள்ள சீரியலையும் கீயையும் புது ஃபைலுக்குள் ஏற்றி அப்புறம்தான் எழுதுவார். அந்தப் பழைய ஃபைலை டம்ப் என்பார்கள். நான் திரும்பப் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்: "அதெல்லாம் டெலிட் ஆயிடுச்சு சார்."

இன்னும் எரிச்சலான விஷயம், அந்தச் சிப்பை அழிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. கழற்றின பழைய செல்லைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். மல்டிமீட்டரில் வைத்தால் 3.04 வோல்ட், மூன்று வோல்ட் செல்லுக்கு அதைவிட என்ன வேண்டும். பேட்டரி போயிருந்தால் முதலில் கடிகாரம்தான் பின்னால் போகும், எனக்கு ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. அதோடு இப்போதைய மெஷின்களில் பூட் வரிசை அந்த பேட்டரியை நம்பி இல்லை, ஃபிளாஷ் சிப்பின் ஒரு மூலையில் எழுதப்படுகிறது. சில லேப்டாப்பில் அந்த செல்லே கிடையாது. பேட்டரி தீர்ந்தால் எல்லா செட்டிங்கும் பழைய நிலைக்குப் போகிற மாடல்களும் உண்டு, மறுக்கவில்லை, ஆனால் கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி மேல் பழி போட்டால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

கடைக்குப் போவதற்கு முந்தின நாள் லினக்ஸில் பூட் வரிசையை மாற்றும் கட்டளையைக் கொடுத்து, வந்த பிழையை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். இடம் இல்லை என்று சொன்னது. டிஸ்க்கில் 200 ஜிபி காலியாக இருக்கிறதே, ஏதோ உளறுகிறது என்று விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நண்பனுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். "டேய், அது டிஸ்க்கைச் சொல்லலடா, சிப்பைச் சொல்லுது. முன்னாடி லினக்ஸ் அடிக்கடி ஹேங் ஆச்சா?" என்றான். ஆமாம், ஒரு மாதம் வைஃபை டிரைவர் படுத்தி எடுத்தது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் ஒவ்வொரு தடவை விழும்போதும், பல மெஷின்களில் அது தன் கடைசி வாக்குமூலத்தை அந்தச் சிப்பிலேயே எழுதி வைக்கும், அங்கே இருப்பதோ கிலோபைட் கணக்கில் இடம். குப்பை நிறைந்ததும் புதிதாக எதையும் எழுத முடியாது. போதாக்குறைக்கு, அந்த இடம் முழுக்க நிரம்பிச் சில லேப்டாப்புகள் ஒரேயடியாகச் செத்துப்போன சம்பவத்துக்குப் பிறகு, 2013-லிருந்து லினக்ஸே கடைசி 5 கிலோபைட்டைத் தொட மறுக்கிறது. சிஸ் ஃபோல்டருக்குள் எஃப்எஸ், அதற்குள் பிஸ்டோர் (/sys/fs/pstore) என்ற இடத்தில் டிஎம்இஎஸ்ஜி (dmesg) என்று தொடங்கும் ஃபைல்கள் இருக்கிறதா பார்த்து, அவற்றை மட்டும் அழித்து ரீஸ்டார்ட் செய்திருந்தால் போதும் என்றான். அவற்றை மட்டும்! வேறொரு ஃபோல்டரில் இருக்கிற, பயாஸுக்கே தேவையான மற்ற பதிவுகளை அழித்து போர்டையே காலி செய்தவர்கள் உண்டு.

எல்லாருக்கும் இதே காரணமாகத்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆபீஸிலிருந்து கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் மெஷின் என்றால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருப்பார்கள், அதில் செட்டிங்கை மாற்றவே விடாது. சில பயாஸ்கள் விண்டோஸை மட்டும்தான் மதிக்கும், என்ன செய்தாலும் அதையே மேலே தூக்கி வைக்கும். 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10-இல் ஒரு டிரைவர் சில லேப்டாப்புகளின் ஃபிளாஷ் சிப்பையே எழுதமுடியாமல் பூட்டிவிட்டு, பயாஸில் எதை மாற்றினாலும் சேவ் ஆகாமல் போய், டிசம்பரில் டவுன்லோடையே நிறுத்தி, 2018 ஜனவரியில் சரிசெய்து மறுபடி விட்டார்கள். அந்தப் பூட்டைத் திறக்கவும் புது கெர்னலில் ஒரு தடவை பூட் செய்வதுதான் வழியாக இருந்தது, பெரும்பாலும் போர்டைத் தொட வேண்டியிருக்கவில்லை. எனக்கும் எஃப்12-இல் எல்லாம் ஒழுங்காகத் திறந்ததே, அதைப் பார்த்தபோதே போர்டு போய்விடும் என்பது கதை என்று புரிந்திருக்க வேண்டும்.

விண்டோஸ் ஆக்டிவேஷனை ட்ரபிள்ஷூட்டரில் வன்பொருள் மாற்றினேன் என்று சொல்லி ரெண்டாவது முயற்சியில் மீட்டுவிட்டேன். வாரன்ட்டி போனது போனதுதான். அடுத்த மாதமே கீபோர்டில் ஒரு வரிசை வேலை செய்யாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், ஸ்டிக்கரில் ஒரு நம்பர், உள்ளே ஒரு நம்பர், "இது எங்க ரெக்கார்டுல வேற மெஷின் சார்" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். பில் கேட்டார்கள். என்னிடம் இருப்பது எஸ்டிமேட் என்று மேலே எழுதின ஒரு துண்டுச்சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, கையெழுத்து இல்லை, "பயாஸ் ஒர்க் 3800" என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது. ஜிபேயில் கொடுத்ததால் பணம் போனதற்காவது ஆதாரம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை என்கிறார்கள், அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் பயாஸின் முதல் பக்கத்தையும் அடியில் இருக்கிற ஸ்டிக்கரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிட்லாக்கர் கீயை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். சிப்பைத் தொடணும் என்று சொன்னால் ஒரு பென்டிரைவை நீட்டி, "முதல்ல பழைய டம்ப்பை இதுல போட்டுக் குடுங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள். டம்ப் என்ற வார்த்தையைக் கேட்டு முழித்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிடுங்கள்.

கடையைப் பற்றி நான் எழுதியிருந்த ரிவ்யூவைப் பார்த்துவிட்டு, போன வாரம் அந்தக் கடைக்காரரே கூப்பிட்டார். "ரிவ்யூவை எடுத்துடுங்க சார், ஆயிரம் ரூபா அனுப்பறேன்." பணம் வேண்டாம், என் பழைய ஃபைல் கிடைத்தால் எடுத்துவிடுகிறேன் என்றேன். தேடிப் பார்க்கிறேன் என்று வைத்தவர்தான், அதற்கப்புறம் போன் இல்லை.