குழாய் விட்டுப் பார்ப்பதா, அணு ஸ்கேனா?

குடலில் அழற்சி எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று பார்க்க இரண்டு வழி சொன்னார்கள்: ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபி, இல்லையென்றால் கதிரியக்கப் பொருளை உடம்பில் செலுத்திப் படம் எடுக்கும் நியூக்ளியர் மெடிசின் ஸ்கேன். நான் எடுத்துக்கொண்டது கொலனோஸ்கோபி. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் முதலில் மனசு போனது ஸ்கேன் பக்கம்தான்.

ஸ்கேனுக்குக் குழாய் இல்லை, மயக்க ஊசி இல்லை. முக்கியமாக, வயிற்றைக் கழுவும் வேலை இல்லை. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் லைன் வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். பேதி மருந்து கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, வெளியே பக்கத்து வீட்டு அக்கா வாளியோடு நின்று கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்? அதனால்தான் நான் எர்ணாவூரில் என் அக்கா வீட்டுக்குப் போய் அந்த ராத்திரியைக் கழித்தேன். அங்கே தனி பாத்ரூம்.

சரி, ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். அதில் ஒன்று வெள்ளையணு ஸ்கேன். கையிலிருந்து சுமார் 50 மில்லி ரத்தம் எடுத்து, வெள்ளையணுக்களைப் பிரித்து, டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை அவற்றில் ஏற்றி, திரும்ப உடம்பில் செலுத்துகிறார்கள். அழற்சி எங்கே இருக்கிறதோ அங்கே வெள்ளையணு தானாகப் போய்க் கூடும். அந்த இடம் எலும்பு மஜ்ஜையைவிட, கல்லீரலைவிட எவ்வளவு ஒளிர்கிறது என்று ஒப்பிட்டுத் தீவிரத்தைக் கணிக்கிறார்கள். படத்தைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பித்தத்தோடு குடலில் இறங்கும் கதிரியக்கமே அழற்சி மாதிரி ஏமாற்றும். இதிலேயே இந்தியம்-111 என்ற வேறொரு கதிரியக்கப் பொருளை வைத்துச் செய்யும் முறையில், தீவிரத்தை எண்ணிக்கையாகச் சொல்ல 4 நாள் மலத்தைச் சேர்த்து அளப்பார்கள். லைன் வீட்டில் அதைச் செய்வதற்குப் பேதி மருந்தே மேல்.

இன்னொன்று பெட் சி.டி. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தி, அது எங்கே அதிகம் கூடுகிறது என்று பார்ப்பது. சென்னையில் புற்றுநோய்க்காகப் பல இடங்களில் எடுக்கிறார்கள். என் மாமாவுக்கு எடுத்தபோது கூடப் போனதோடு சரி, நான் எடுத்ததில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரையால் நல்ல குடலும் பளிச்சென்று தெரியும்.

இதெல்லாம் சின்ன விஷயம். என்னை முடிவெடுக்க வைத்தது டி.பி. ஓட்டேரியில் டி.பி. ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் இது, நோய் நமக்குப் புதிதில்லை. ஆனால் குடலிலும் டி.பி. வரும் என்பது பலருக்குத் தெரியாது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம்தான் அதற்குப் பிடித்த இடம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்கும் குரோன்ஸ் நோய்க்கும் அதே இடம்தான். இரண்டிலும் புண், இரண்டிலும் எடை குறையும், ஸ்கேனில் இரண்டும் ஒளிரும். கொடுங்கையூர்ப் பக்கம் புகை தெரிந்தால் எரிவது குப்பைமேடா, வேறு ஏதாவதா என்று கிட்டப் போனால்தானே தெரியும்? ஸ்கேன் காட்டுவது புகையை. குழாய் விட்டால் அங்கிருந்து சதையைக் கிள்ளி எடுத்து வரலாம்.

இங்கே தப்பினால் விளைவு பெரிசு. குரோன்ஸுக்கு ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறார்கள். உள்ளே இருப்பது டி.பி.யாக இருந்தால் அதே மருந்து அதைப் பரப்பிவிடும். எனக்கு இருமல் இல்லை, சளி இல்லை, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். ஆனால் கிள்ளி எடுத்த சதையில் வந்த விடை டி.பி. 6 மாத மாத்திரை அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது.

பயாப்சி, அதாவது இந்தச் சதைப் பரிசோதனை, எல்லோருக்கும் இப்படித் தெளிவாகச் சொல்லிவிடாது. சந்தேகம் தீராதபோது டி.பி. மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. அப்புறம், குடல் ரொம்பப் புண்ணாகி, முழுக் குழாய் விட்டால் ஓட்டை விழுந்துவிடுமோ என்ற நிலையில் இருப்பவர்களுக்கு வெள்ளையணு ஸ்கேன் நிஜமாகவே கைகொடுக்கும். குழாய் எட்டாத சிறுகுடல் நடுப்பகுதிக்கும் அப்படித்தான், அங்கே கதிரியக்கம் இல்லாத எம்.ஆர்.ஐ.யும் இருக்கிறது. நோய் பெயர் தெரிந்த பிறகு ஏற்ற இறக்கத்தைக் கவனிக்க, மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடலில் அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்) பார்க்கும் டெஸ்ட் பல நேரம் போதும்.

கொலனோஸ்கோபிக்குப் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை குழாய் போகுமா? சதை இரண்டு டப்பாவில் போகுமா? பயாப்சிக்கு, சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போடுவார்கள், கிருமியை வளர்த்துப் பார்க்கும் டி.பி. கல்ச்சருக்குச் சலைன் என்ற உப்புத் தண்ணீரில் தனியாகப் போட வேண்டும். ஃபார்மலினில் விழுந்த சதையில் கிருமி வளராது.