மூன்று கட்டுரை, ஒரு கருத்து: பிள்ளைகளுக்கு எந்த வழி கைகொடுக்கும்?

ஒரு பத்தியைக் கொடுத்து "இதன் மையக்கருத்து என்ன?" என்று கேட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பலரும் எப்படியாவது சொல்லிவிடுவார்கள். முதல் வரியைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கடைசி வரியை. பாடநூல் பத்திகளுக்கு அது பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும். அதே பிள்ளைகளிடம் மூன்று கட்டுரைகளைக் கொடுத்து, "இவை மூன்றும் சேர்ந்து என்ன சொல்கின்றன?" என்று கேட்டால்தான் சிக்கல். வருகிற விடை, மூன்று தனித்தனிச் சுருக்கங்களை "மேலும்" போட்டு ஒட்டவைத்ததாக இருக்கும்.

இந்த இரண்டாவது வேலையைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களும் பெற்றோரும் கையாளும் வழிகள் ஐந்தை இங்கே ஒப்பிடுகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டுரைத் தொகுப்பையே சோதனைக்கு எடுத்துக்கொள்வோம். தலைப்பு, பிணந்தின்னிக் கழுகுகள் என்று சொல்லப்படும் பாறுக் கழுகுகள்.

முதல் கட்டுரை, 1990களில் தொடங்கி இந்தியாவில் பாறுகள் மளமளவென்று குறைந்துபோனதைப் பற்றியது. வெண்முதுகுப் பாறு மட்டும் 1992க்கும் 2007க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது, நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் சில பாறுகள் கூடு கட்டுகின்றன என்பதெல்லாம் அதில் வரும். இரண்டாவது, டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்தைப் பற்றியது. மாடுகளுக்கு மலிவாகக் கிடைத்த மருந்து. ஊசி போட்ட கொஞ்ச நாளில் மாடு செத்தால் மருந்து உடலில் தங்கியிருக்கும், அதைத் தின்னும் பறவையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் இதைக் கண்டுபிடித்தது. கால்நடைகளுக்கு இதைப் பயன்படுத்த இந்தியா 2006இல் தடை போட்டது, மாற்றாக மெலாக்சிகாம் என்ற மருந்து வந்தது. மூன்றாவது கட்டுரை தெருநாய்களையும் வெறிநாய்க்கடியையும் பற்றியது. ஊருக்கு வெளியே செத்த மாடுகளைப் போடும் இடங்களில் நாய்கள் பெருகுவதைச் சொல்லும்போது, "முன்பு இந்த உடல்களைப் பாறுகள் தின்று தீர்த்தன" என்று ஒரே ஒரு வரி வந்துபோகும். அந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லோரும் செய்கிற அடிக்கோடு. செலவில்லை, சொல்லிக்கொடுக்க நேரமும் வேண்டாம், ஒரு பென்சிலோ ஹைலைட்டரோ போதும். விளைவு நமக்குத் தெரிந்ததுதான்: பக்கம் முழுக்க மஞ்சள். 2013இல் ஜான் டன்லாஸ்கியும் அவருடைய குழுவினரும் பத்துப் படிப்பு உத்திகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அடிக்கோடு இடுவதைப் பயன் குறைந்த வரிசையில்தான் வைத்தார்கள். சுருக்கி எழுதுவதும் அதே வரிசையில்தான் வந்தது. ஆனால் அதற்குக் காரணம் வேறு: முறையாகப் பழக்கினால்தான் அது பலன் தரும், பழக்கவோ நேரம் பிடிக்கும்.

அடிக்கோட்டின் மேல் எனக்குள்ள பெரிய புகார் மஞ்சள் அல்ல. நன்றாக அடிக்கோடு போடத் தெரிந்த பிள்ளையும் நம் மூன்றாவது கட்டுரையில் அந்தப் பாறு வரியை விட்டுவிடும். விடுவதுதான் நியாயமும்கூட, ஏனென்றால் அந்தக் கட்டுரைக்கு அது துணுக்குச் செய்தி. ஆனால் மூன்று கட்டுரைகளையும் பிணைக்கும் கண்ணி அதுதான். தனிக் கட்டுரையில் எது முக்கியம் என்பது ஒரு கேள்வி, சேர்த்துப் படிக்கும்போது எது முக்கியம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் கெட்டிக்காரர்களாக்கும் வழி இரண்டாவதிலும் கைகொடுக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது, ஒரே வாக்கியத்தில் சுருக்குவது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டக் ஃபுக்ஸ், லின் ஃபுக்ஸ் இருவரும் உருவாக்கிய சக மாணவர் வாசிப்பு முறையில் இது ஒரு பகுதி. பத்தியைப் படித்ததும் மூன்று படிகள்: இது யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றி? அதைப் பற்றி முக்கியமாக என்ன சொல்கிறது? அதைப் பத்துச் சொல்லுக்குள் சொல். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் சரிபார்ப்பார். தமிழுக்குப் பத்துச் சொல் ரொம்பத் தாராளம். உருபுகளெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஏழு போதும் என்பது என் கணக்கு. "மாட்டுக்குப் போட்ட வலிமருந்து பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது." ஆறே சொல்லில் இரண்டாவது கட்டுரை முடிந்தது.

இந்த ஏழு சொல் கட்டுப்பாட்டுக்கும், தேர்வில் வரும் "மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக" என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு கேட்டால் பிள்ளை வெட்டிக்கொண்டே போகும். அடைமொழியை எடு, எடுத்துக்காட்டை எடு, சொல்லை எண்ணு, இன்னும் கொஞ்சம் எடு. ஆன் பிரவுனும் ஜீன் டேயும் 1983இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது இதுதான்: தேவையில்லாததை நீக்குவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வந்துவிடுகிறது, பத்தியில் எழுதப்படாத மையக்கருத்தைச் சொந்த வாக்கியமாக உருவாக்குவது பெரியவர்களுக்கே கடினமாக இருக்கிறது. ஏழு சொல் விதி வெட்டினால் மட்டும் கட்டுப்படாது. புதிதாக ஒரு வாக்கியம் அமைத்தே ஆகவேண்டும். அதனால் தனிக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மூன்று கட்டுரைக்கு? மூன்று வாக்கியங்கள் கிடைக்கும். நாய்க் கட்டுரையின் ஏழு சொல்லில் பாறுக்கு இடமே இருக்காது. அப்புறம் எதை வைத்து இணைப்பது? "மேலும்" வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது வழி, கேள்விக் கட்டம். ஜேம்ஸ் ஹாஃப்மன் 1992இல் இதை விளக்கி எழுதினார். செய்முறை எளிது. ஒரு சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, மேலே கேள்விகளை எழுத வேண்டும், இடது ஓரத்தில் கட்டுரைகளின் பெயர்களை. முதல் வரிசை "நமக்கு ஏற்கெனவே தெரிந்தது". கடைசி வரிசை "சேர்த்துப் பார்த்தால்". படிக்கும்போது அந்தந்தக் கேள்விக்கு அந்தந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்பதைக் கட்டத்தில் நிரப்புவார்கள்.

நம் தொகுப்புக்கு மூன்று கேள்விகள் போதும்: பாறுகளுக்கு என்ன ஆயிற்று? ஏன் ஆயிற்று? அதனால் வேறு யாருக்கு என்ன ஆயிற்று? இப்போது நாய்க் கட்டுரையை எடுக்கும் பிள்ளை, மூன்றாவது கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறது. அந்த ஒற்றை வரி தானாகவே கண்ணில் படும். கேள்வி வெளியிலிருந்து வருவதால், கட்டுரையாளர் எதை முக்கியம் என்று நினைத்தார் என்பதைத் தாண்டி, நமக்கு எது வேண்டும் என்று படிக்க முடிகிறது. அடிக்கோட்டிலும் ஏழு சொல்லிலும் இது நடப்பதில்லை.

காலிக் கட்டங்களும் பேசும். முதல் கட்டுரைக்கு நேரே "ஏன்?" காலியாக இருந்தால், அந்தக் கட்டுரை எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது, காரணத்தைத் தொடவில்லை என்பது பிள்ளைக்குக் கண்கூடாகத் தெரியும். ஒரு கட்டுரை எதைச் சொல்லாமல் விட்டது என்பதைக் கவனிக்க வைப்பது லேசான காரியமில்லை, இங்கே அது ஒரு வெற்றுச் சதுரமாக முன்னால் நிற்கிறது.

குறையும் உண்டு, சின்னக் குறையல்ல. கட்டத்தை நிரப்பியதும் வேலை முடிந்தது என்று பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். ரேஷன் கார்டு விண்ணப்பம் நிரப்புவது போல மளமளவென்று எழுதி, கடைசி வரிசையில் மேலே உள்ளதையே திரும்ப எழுதிவைப்பார்கள். பல வகுப்புகளில் சுவரில் ஒட்டியிருக்கும் அழகான சார்ட்டுகளில் இந்தக் கடைசி வரிசைதான் சோனியாக இருக்கும். அதற்கு ஒரு கறாரான விதி வைத்துக்கொள்ளலாம்: "சேர்த்துப் பார்த்தால்" வரிசையில் எழுதும் வாக்கியம் குறைந்தது இரண்டு கட்டுரைகளிலிருந்து செய்தி எடுத்திருக்க வேண்டும், எந்த ஒரு கட்டுரையிலும் அப்படியே இருக்கக்கூடாது. இருந்தால் மறுபடி எழுது. எழுதியதை ஏழு சொல் விதியில் இறுக்கவும் செய்யலாம். அந்தப் பயிற்சி கடைசியில் பயன்படும் இடம் இதுதான்.

இன்னொரு குறை, கேள்விகளை எப்போதும் ஆசிரியரே எழுதுவது. அப்படியானால் பாதி வேலையை ஆசிரியர் செய்துவிட்டார் என்று பொருள். இங்கேதான் நான்காவது வழி உதவிக்கு வருகிறது.

அனமேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்ட முறை அது. சின்னக் குழுவாக உட்கார்ந்து பிள்ளைகளே மாறிமாறி ஆசிரியராவார்கள். அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, சுருக்கிச் சொல்வது என்று நான்கு வேலைகள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத பிள்ளைகளுக்கு இது நன்றாக உதவியது. ஆனால் இது ஒரு கட்டுரையை ஆழமாகப் படிக்க வைக்கும் முறை. நாற்பது பேர் உள்ள வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளையில், குழுக்களை அமைத்து முடிக்கும்போதே மணி அடித்துவிடும். வீட்டிலோ நூலக வாசிப்பு வட்டத்திலோ ஐந்தாறு பேர் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். வகுப்புக்கு வேண்டுமானால் கேள்வி கேட்கும் வேலையை மட்டும் கடன் வாங்கலாம்: முதல் கட்டுரையைப் படித்ததும் பிள்ளைகளே கேள்விகளைச் சொல்லட்டும், அவற்றில் மூன்று கட்டத்தின் தலையில் ஏறட்டும்.

ஐந்தாவது வழியை வழி என்று சொல்வதே சரியா தெரியவில்லை. உத்தியெல்லாம் பிறகு, முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்பவர்களின் கட்சி அது. அவர்களிடம் வலுவான சான்று இருக்கிறது. 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தாலும் பேஸ்பால் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கும் ஆனால் பேஸ்பால் தெரியாத மாணவர்களைவிட நன்றாகச் சுருக்கிச் சொன்னார்கள். நம் ஊரில் கிரிக்கெட்டை வைத்துச் செய்தாலும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். செத்த மாட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுவதைப் பார்த்த பிள்ளைக்கு நம் மூன்று கட்டுரைகளும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பார்க்காத பிள்ளைக்கு மருந்துக்கும் கழுகுக்கும் என்ன தொடர்பு என்பதே புதிராக இருக்கும். இந்தக் கட்சியின் பேச்சில் எனக்குப் பாதிச் சம்மதம். வாரத்துக்கு ஒரு தலைப்பு என்று தாவாமல் ஒரே தலைப்பில் இரண்டு மூன்று வாரம் இருப்பது நல்லது. ஆனால் அறிவு சேர்ந்தால் இணைப்பது தானாக வரும் என்பதை ஏற்க முடியவில்லை.

கட்டுரைகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் என்ன செய்வது? பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களுக்கு நடத்தும் பீசா (PISA) தேர்வில், 2018இல், பசிபிக் கடலில் உள்ள ராப்பா நூயி (ஈஸ்டர்) தீவைப் பற்றி மூன்று உரைகள் வந்தன: ஒரு பேராசிரியரின் வலைப்பதிவு, ஒரு புத்தக மதிப்புரை, ஒரு அறிவியல் செய்தி. தீவின் பெருமரங்கள் எப்படிப் போயின என்பதில் ஒன்று மனிதர்கள் வெட்டியதைச் சொல்லும், இன்னொன்று விதைகளைத் தின்ற எலிகளைச் சொல்லும். இந்த வகைக்கு ஏழு சொல் சுருக்கம் பெரிதாக உதவாது, "இருவேறு கருத்துகள் உள்ளன" என்ற சப்பையான வரிதான் வரும். கட்டத்தில் "என்ன சான்று?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால், மரங்கள் அழிந்ததில் எல்லோருக்கும் ஒப்புதல், காரணத்தில்தான் சண்டை என்பது பிரிந்து தெரியும்.

ஆக, என் தேர்வு: நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ஏழு சொல் வாக்கியம், ஒரே கட்டுரையோடு. ஆறாம் வகுப்பிலிருந்து கேள்விக் கட்டம், பிள்ளைகள் எழுதிய கேள்விகளோடு. நேரம் இருந்து, ஆட்கள் குறைவாக இருந்தால் பிள்ளைகளே ஆசிரியராகும் நால்வேலை முறை. அடிக்கோடு வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும், அதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரே விஷயத்தையே மூன்று விதமாகச் சொல்பவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இணைக்க அங்கே ஒன்றுமில்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் கையில் கொடுக்கவும் வேண்டாம். இரண்டு கட்டுரை முடிந்ததும் கடைசி வரிசையை எழுதச் சொல்லுங்கள். "மாட்டு மருந்தால் பாறுகள் அழிந்தன" என்று வரும். பிறகு நாய்க் கட்டுரையைக் கொடுத்து, அதே வாக்கியத்தைத் திருத்தச் சொல்லுங்கள். "மாட்டைக் காப்பாற்றப் போட்ட மருந்து, பாறுகளை அழித்து, நாய்க்கடியை ஊருக்குள் கொண்டுவந்தது" என்று ஒரு பிள்ளை எழுதும். உடனே பக்கத்தில் இருப்பவர், "கொண்டுவந்தது என்று மூன்றாவது கட்டுரை எங்கே சொல்கிறது? நாய்கள் பெருகின என்றுதானே இருக்கிறது?" என்று கேட்பார். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.