டியஸ் எக்ஸ் இரண்டாம் பாகத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டியஸ் எக்ஸ் கேமின் இரண்டாம் பாகமான "டியஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார்" இணையக் கடைகளின் தள்ளுபடிப் பட்டியலில் அடிக்கடி தலைகாட்டுகிறது. முதல் பாகத்தை முடித்த கையோடு, அதே ருசிக்காக இதை வாங்கப் போகிறவர்களை நிறுத்திச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நானும் அப்படித்தான் வாங்கினேன். நாம் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் கதையைத் திருப்பும் என்று கடையின் விளக்கத்தில் எழுதியிருந்தார்கள். விளையாடிப் பார்த்தால் அப்படி இல்லை. பணமும் திரும்பி வரவில்லை.

முதல் பாகம் 2000-இல் வந்தது. கதை நடப்பது 2052-இல். அதில் புள்ளிகள் போட்டு வளர்க்கும் திறமைகள், அதாவது ஸ்கில்கள், 11 உண்டு. துப்பாக்கிப் பயிற்சியில் புள்ளிகளைப் போடாவிட்டால் குறி தள்ளாடும். பூட்டுத் திறப்பதில் போட்டால் கணினியை ஹேக் செய்வதில் கைவைக்க மிச்சம் இருக்காது. உடம்பில் பொருத்தும் கருவிகளும் அப்படித்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கடைசிவரை அதோடுதான் வாழ வேண்டும். அந்த நெருக்கடிதான் அதை ரோல் பிளேயிங் கேம், அதாவது நம் கதாபாத்திரத்தை நாமே செதுக்கி வளர்க்கும் கேம் ஆக்கியது. 2003 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் ஸ்கில் என்ற பேச்சே இல்லை. மிச்சம் இருப்பது பயோமாட் எனும் உடம்பில் பொருத்தும் கருவி மட்டும். அதையும் பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். கதவுப் பூட்டுக்கும் மின்னணுப் பூட்டுக்கும் சேர்த்து ஒரே மல்டிடூல். எதையும் இழக்காமல் எல்லாம் கிடைக்கிறது என்றால், என் கதாபாத்திரத்துக்கும் இன்னொருவர் கதாபாத்திரத்துக்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு அதிகக் கோபம் வந்தது தோட்டா விஷயத்தில். பிஸ்டல், ஷாட்கன், ஸ்னைப்பர், ராக்கெட் லாஞ்சர் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே தோட்டா இருப்பு. பெரிய ஆயுதம் கூடுதலாக இழுக்கும், சின்னது குறைவாக இழுக்கும், அவ்வளவுதான். கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் முதல் பாகத்தில் ஸ்னைப்பர் தோட்டா தீர்ந்தால் என்ன செய்வோம்? பிஸ்டலை எடுப்போம். அதுவும் தீர்ந்தால் மயக்க ஊசி போடும் சின்ன வில். அதுவும் இல்லையென்றால் காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து போவோம். ஒவ்வொரு பற்றாக்குறையும் ஒரு புது வழியைக் காட்டும். இங்கே இருப்பு தீர்ந்தால் கையில் உள்ள அத்தனை துப்பாக்கியும் ஒரே நொடியில் இரும்புத் துண்டு. அந்தப் பயத்திலேயே ராக்கெட் லாஞ்சரைத் தொடவே மனசு வராது. ஒரு குண்டு போட்டால் பிஸ்டலுக்கு இருந்ததும் அல்லவா போய்விடும்! இத்தனை ஆயுதங்களைக் கொடுத்துவிட்டு, பயன்படுத்த முடியாமல் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது லெவல்களின் அளவு. கணினிக்கும், டிவியில் இணைத்து விளையாடும் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கும் ஒரே நேரத்தில் செய்த கேம் இது. அந்த எக்ஸ்பாக்ஸில் மொத்த நினைவகமே 64 எம்.பி. அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் ஊர்களையெல்லாம் துண்டு துண்டாக நறுக்கிவிட்டார்கள். சியாட்டில் என்பது நாலைந்து அறைகளும் ஒரு தெருவும் போலத்தான் இருக்கிறது. முதல் பாகம் தொடங்குவதே நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலை நிற்கும் லிபர்ட்டி தீவில்தான். தீவை முழுக்கச் சுற்றி வரலாம், சிலைக்குள் எந்த வழியாக நுழைவது என்று நின்று நிதானமாக யோசிக்கலாம். இந்தப் பாகம் கடைசியில் அதே தீவுக்குத் திரும்பிப் போகிறது. பழைய தீவைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுருக்கம் வலிக்கும்.

துண்டுக்குத் துண்டு லோடிங் வேறு. கணினிப் பதிப்பில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும்போது கேம் தன்னையே மூடிவிட்டு மறுபடி திறந்துகொள்கிறது. இடையில் டெஸ்க்டாப் எட்டிப் பார்க்கும். முதல் தடவை கேம் நின்றுபோய்விட்டது என்றே நினைத்தேன். மேல் சியாட்டிலுக்கும் கீழ் சியாட்டிலுக்கும் இடையே ஓடி ஓடி முடிக்க வேண்டிய வேலைகளில் இது எவ்வளவு எரிச்சலைக் கிளப்பும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, கதையாவது? உலக வர்த்தக அமைப்பின் பெயரில் டபிள்யூ.டி.ஓ., எதிரே ஆர்டர் என்ற மத இயக்கம். இரண்டு பக்கமும் நம்மை வேலைக்குக் கூப்பிடும். ஒரு பக்கத்தின் வேலையை மறுத்து, அவர்கள் ஆட்களையே சுட்டுத் தள்ளினாலும், கொஞ்ச நேரத்தில் அதே பக்கத்திலிருந்து அடுத்த வேலையோடு அழைப்பு வந்துவிடும். இரண்டையும் பின்னாலிருந்து ஆட்டுவிப்பது இல்லுமினாட்டி என்ற ரகசியக் கூட்டம் என்று கதை அப்புறம் காரணம் சொல்கிறது. அந்தக் காரணம் தெரியவரும்போது முடிவெடுப்பதில் இருந்த அக்கறையே நமக்குப் போயிருக்கும். முதல் பாகத்தில் நாயகனின் அண்ணன் பால் டென்டனை ஹோட்டல் அறையில் விட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தப்பினால் அவர் செத்துப்போவார். நின்று சண்டை போட்டால் பிழைத்து, பிறகு கதையில் வருவார். முடிவு என்றால் அப்படி இருக்க வேண்டும். போதாததற்கு, முதல் பாகத்தின் மூன்று முடிவுகளும் கலந்து நடந்ததாக வைத்துத்தான் இந்தக் கதையையே தொடங்குகிறார்கள். நாம் அன்று யோசித்து யோசித்து எடுத்த முடிவுக்கு மதிப்பே இல்லை.

ஒரு நல்ல இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு காபிக் கடைகள் போட்டிக்கு நிற்கும் கிளைக்கதை உண்டு. தோண்டிப் பார்த்தால் இரண்டுக்கும் முதலாளி ஒரே நிறுவனம். பாடகியின் உருவில் தெருவெங்கும் பேசும் செயற்கை நுண்ணறிவும் அருமையான கற்பனை. இவற்றை யோசித்தவர்களுக்கு இன்னும் பெரிய இடம் கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம்தான் எனக்கு.

பணம் திரும்பக் கேட்டபோது நடந்ததைக் கவனியுங்கள். திரைத் தெளிவைச் சரிசெய்ய நான் மல்லுக்கட்டிய நேரம், கேம் மூடி மூடித் திறந்த நேரம் எல்லாமே கடையின் கணக்கில் விளையாடிய நேரம்தான். வரம்பைத் தாண்டிவிட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. லோடிங் கோளாறைப் பற்றி விளக்கத்தில் ஏன் ஒரு வார்த்தை இல்லை என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

அப்படியும் வாங்குகிறவர்கள், கடையின் திரும்பப்பெறும் விதியை முதலில் படியுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் பொதுவாக, வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் கேட்கலாம். அகலத் திரைக்காக ரசிகர்கள் செய்த திருத்தங்களைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கேமைத் திறங்கள். அந்த உலகம்தான் வேண்டும் என்றால் 2011-இல் வந்த "ஹ்யூமன் ரெவல்யூஷன்" இருக்கிறது. கதை 2027-இல், முதல் பாகத்துக்கும் முன்னால் நடக்கிறது. ஆயுதத்துக்கு ஆயுதம் தனித் தோட்டா, சுற்றித் திரியத் தாராளமான இடம். என் பணத்தை நான் அதில் போட்டிருப்பேன்.