கோடு போட்ட ஐபீஸும் நாலு பட்டன் செல்லும்

தொலைநோக்கியில் கிரகங்களை அளக்க, ஸ்கேல் பொறித்த 12.5 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வாங்கலாமா என்று நேற்று நண்பர் கேட்டார். அன்று காலைதான் கடிகாரக் கடையில், என்னிடம் இருக்கும் அதே மாதிரி ஐபீஸுக்கு நாலாவது பட்டன் செல் வாங்கி வந்திருந்தேன். கேட்ட நேரம் சரியில்லை.

கோட்டுக்கு வெளிச்சம் தரும் குமிழைத் திருகிக்கொண்டே போனால் கடைசியில் ‘டக்’ என்று நிற்க வேண்டுமா இல்லையா? நிற்காது. சிவப்பு மங்கி மங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அணைந்துவிட்டது என்று பெட்டியில் வைப்போம், அது உள்ளே எரிந்துகொண்டே கிடக்கும். அடுத்த முறை வானம் தெளிந்து மாடிக்கு எடுத்துப் போனால் கோடே இருக்காது. நெயில் பாலிஷால் குமிழில் புள்ளி வைத்தேன். இருட்டில் புள்ளி எங்கே தெரிகிறது!

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். என்னுடையது கையால் தள்ளித் திருப்புகிற எட்டு இஞ்ச் டாப்சோனியன் தொலைநோக்கி, குவியத் தூரம் 1200 மி.மீ. உருவத்தைப் பெரிதாக்கும் பார்லோ லென்ஸ் போட்டு, ஓரியன் இடுப்பில் முதலில் உதிக்கும் மின்டகா விண்மீனை ஸ்கேல் நெடுக ஓடவிட்டேன். வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் செல்லும் கோடு) ஒட்டி இருப்பதால் அது நொடிக்கு 15 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்) நகரும். 60 கட்டத்தையும் தாண்ட 34 நொடி ஆனது, ஆக ஒரு கட்டம் எட்டரை ஆர்க் செகண்ட். 2025 ஜனவரி 10 வாக்கில் அந்தி வானத்து வெள்ளி அரைவட்டமாக, மூன்று கட்டத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. மார்ச் முதல் வாரம் பிறையின் முனைக்கு முனை ஆறு கட்டம்! இரண்டே மாதத்தில் அது பாதித் தூரத்துக்கு வந்துவிட்டதை என் கண்ணால் அளந்திருக்கிறேன். அன்று கீழே சாப்பிடக் கூப்பிட்டது காதிலேயே விழவில்லை.

வானத்தோடு சேர்ந்து திருப்ப மோட்டார் இல்லாததால் கிரகம் பார்வையில் நிற்காது. ஸ்கேலை ஓட்டத்துக்குக் குறுக்காகத் திருப்பி, வியாழன் கடக்கிற மூன்று நொடிக்குள் இரண்டு விளிம்பையும் படித்துவிட வேண்டும். வியாழன் துருவங்களில் ஆறு சதவீதம் போலத் தட்டை, அந்த வித்தியாசம் இன்றுவரை எனக்குச் சிக்கவில்லை. சாதாரண ஐபீஸில் வியாழன் பார்வை வட்டத்தின் விளிம்பில் மறைய எடுக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் எடுத்தாலும் விட்டம் கிடைக்கும், செலவில்லை. ஆனால் விரல் கால் நொடி தடுமாறினால் நாலு ஆர்க் செகண்ட் போச்சு.

வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்களுடையதை ஒரு வாரம் இரவல் தாருங்கள் என்றார். வியாழன் நன்றாகத் தெரிகிற மாதம், எப்படித் தருவது?