ரசீதைக் காட்டி மரத்தை வெட்டிவிடுவார்கள், கவனம்

"பர்மிட் வேலையெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று வந்த மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரிடம் வீட்டுக்காரர் ஒருவர் ஏமாந்த கதை இது. முன்பணம் வாங்கிய மூன்றாம் நாள் முத்திரை குத்திய ஒரு தாளைக் காட்டினார்கள். மறுநாள் மாலைக்குள் மரம் லாரி ஏறிவிட்டது. அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தத் தாள் விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. அனுமதி ஆணை வரவே இல்லை. அபராத நோட்டீஸ் வந்தது நில உரிமையாளர் பெயருக்கு. ஒப்பந்தக்காரர் போனையே எடுக்கவில்லை.

ஆணை என்றால் அதில் ஆணை எண், இடத்தின் முகவரி, மர வகை, எத்தனை மரம், எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் இருக்கும். மாற்று மரம் நட வேண்டும் என்ற நிபந்தனையும் பல இடங்களில் அதிலேயே வரும். விண்ணப்பத்தை உங்கள் பெயரில் நீங்களே போடுங்கள். ஒப்பந்தக்காரர் நீட்டும் நகலை நம்பாமல், அந்த ஆணை எண்ணை அனுமதி தரும் அலுவலகத்தில் கேட்டுச் சரிபாருங்கள்.

இந்த வழக்கில் மரத்தின் அளவிலும் இன்னொரு சிக்கல் வந்தது. அனுமதி தேவையா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தண்டின் பருமனை வைத்தே முடிவு செய்கிறார்கள். அளவு ஊருக்கு ஊர் மாறும். அளப்பது வழக்கமாக மார்பளவு உயரத்தில், தரையிலிருந்து சுமார் 1.3 அல்லது 1.4 மீட்டரில். சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். மரம் போன பிறகு மிஞ்சுவது அடிக்கட்டை மட்டும். வேர் விரியும் இடம் என்பதால் அது பொதுவாகத் தடித்தே இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் மரம் நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஆகவே வெட்டும் முன்பே டேப்பைச் சுற்றி, எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். பட்டுப்போன மரமானாலும் இதைச் செய்யுங்கள். அது பட்டது என்பதைப் பின்னால் நிரூபிப்பது கடினம்.

"வெட்டவில்லை, உச்சியைத்தான் கழித்தோம்" என்பதும் பல இடங்களில் செல்லாது. மொட்டையடிப்பதையும் பெரிய வேரை அறுப்பதையும் வெட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். தண்டு எல்லைக்கோட்டின்மேல் நின்றால் பக்கத்து வீட்டாரின் எழுத்துச் சம்மதமும் தேவைப்படலாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் அடிக்கட்டையைத் தோண்டிவிடாதீர்கள், சான்றை அழித்ததாகிவிடும். அவர்கள் கொடுத்த தாள், பணம் அனுப்பிய விவரம், பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து, நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.