மீசை வைத்த அக்காள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் டேவானில் (மண்டபத்தில்) உள்ளூர்ப் பிள்ளைகள் போட்ட சிண்ட்ரெல்லா பாண்டோமைம் பார்த்தோம். டிக்கெட் 10 வெள்ளி. ஊமை நாடகம் என்று நினைத்து வந்த மாமியாருக்குக் காதே அடைத்துவிட்டது! பிரிட்டனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் போடும் கூத்து இது; பாட்டு, கேலி, ஆண் கட்டும் பெண் வேஷம் எல்லாம் உண்டு.

சிண்ட்ரெல்லாவின் மூத்த அக்காளாக வந்தவர் மீசையை எடுக்கவில்லை. மல்லிகைச் சரத்தோடு எங்கள் வரிசைக்கு இறங்கி வந்து, "அம்மா, உங்க வீட்ல கல்யாணத்துக்குப் பையன் இருக்கானா?" என்றார். "மீசையை எடுத்துட்டு வா, பார்க்கலாம்" என்றார் மாமியார். அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

பேய் வந்தபோது "பின்னால! பின்னால!" என்று பிள்ளைகள் கத்தியதில் வசனமே கேட்கவில்லை. கண்ணாடிச் செருப்புக்குப் பதில் ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் போகும்போது போடும் பூட்ஸ். எனக்கு அது பிடித்தது. மைக்தான் இரண்டு முறை செத்துப்போனது. அப்புறம், அந்த நடனக் காட்சியைப் பாதியாக வெட்டலாம்.