இரண்டு ஏக்கர் குடும்பத்துக்கு எது சரி: மக்காச்சோளமா, கறவை மாடா, வெள்ளாடா?

தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் கையில் இருக்கும் நிலம் சராசரியாக முக்கால் ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. இரண்டு ஏக்கர்கூடத் தேறாது. இதில் எது அதிக லாபம் என்று கேட்பதற்கு முன்னால், காசு எப்போது கைக்கு வரும், அதற்காக வீட்டில் யார் முதுகு ஒடியும் என்று பாருங்கள்.

மக்காச்சோளம் ஏறக்குறைய 110 நாள் பயிர், ஆள்தேவை குறைவு. ஆனால் 2018-இல் வந்த படைப்புழு குருத்துக்குள் உட்கார்ந்து தின்பதால் மருந்துச் செலவு ஏறிவிட்டது. வந்தால் மொத்தமாக வரும், போனால் மொத்தமாகப் போகும்.

கலப்பின மாட்டின் கவர்ச்சியே பால் சங்கத்துப் பட்டுவாடாதான், மளிகைப் பாக்கி அதில்தான் அடைகிறது. 2023 டிசம்பரில் ஆவின் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து பசும்பாலுக்கு லிட்டர் 38 ரூபாய் என்றது. சரி, ஆனால் கொழுப்பும் இதர சத்தும் தேறினால்தானே அந்த விலை? பசுந்தீவனம் இல்லாமல் வெறும் வைக்கோலில் ஓட்டினால் அது கைக்கு வராது. அப்புறம் சினைப்பருவம். ராத்திரி மாடு கத்தியதையும், வாலடியில் கண்ணாடி மாதிரி தொங்கும் ஒழுக்கையும் காலையில் யாராவது கவனித்து சினை ஊசிக்குச் சொல்லாவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும், அதுவரை தீனிச் செலவு மட்டும் நிற்காது. கல்யாணமோ சாவோ, கறவைக்கு ஒருவர் வீட்டில் நின்றாக வேண்டும். அந்த ஒருவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும், வீட்டுப் பெண்தான்.

வெள்ளாட்டுக்கு ஐந்து மாதச் சினை, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் 98 லட்சத்துக்கு மேல், எருமை நீங்கலாக மாடுகளைவிடவே அதிகம். பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ஒரு கிடாயைப் பிடித்து விற்கலாம், மாட்டை அப்படி விற்க முடியுமா? தொந்தரவு இல்லாமல் இல்லை: மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது, பக்கத்து வயலில் வாய் வைத்தால் சண்டை, மழைக்காலத்தில் ஈரத்தரையில் அடைத்தால் குட்டிகள் கழிச்சலில் போய்விடும், ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடவே கூடாது.

முழுநேரமும் இரண்டு பேர் வீட்டில் இல்லாவிட்டால் மாடு வேண்டாம் என்பேன். எட்டுப் பத்து ஆடு, அரை ஏக்கரில் அதுகளுக்குப் பசுந்தீவனமாக வேலிமசாலும் அகத்தியும், மீதியில் மக்காச்சோளத்துக்குப் பதிலாக நாட்டுச்சோளம், தானியத்தோடு தீனிக்குச் சோளத்தட்டும் கிடைக்கும். இளஞ்சோளத்தில் மட்டும் ஆட்டை விட்டுவிடாதீர்கள், அந்தப் பருவத்துப் பயிரில் நஞ்சு இருக்கும்.